பள்ளிவாசலுக்கு நேரே ஒரு கிணறு

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் துணி தோய்க்கும் மெஷின்கள் மூன்று நிற்கின்றன. எட்டு வீட்டுக்கும் அவைதான். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். எங்களுக்குச் செவ்வாய். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் தோய்க்கிற பொறுப்பு என்னுடையது. மனைவி இருக்கும்வரை சட்டையை எங்கே தோய்க்கிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. ஜெர்மனியில் இந்த ஹம் நகருக்கு வந்து எழுபது வயதில்தான் அந்த வேலையைப் பழகினேன்.

ஒரு நாள் அட்டவணைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. எனக்கு டொச், இந்த நாட்டுப் பாஷை, வாசிக்கத் தெரியாது. தமிழே இரண்டாம் வகுப்போடு சரி. மிச்சத்தைப் பேப்பர் பார்த்துப் பழகினேன். கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர் பின்னேரம் வந்து மகளுக்கு விளங்கப்படுத்தினார். கீழே மீன் மணக்கிறது, யாரோ காயப்போடுகிறார்கள், உடனே நிறுத்த வேண்டும். எட்டு வீட்டில் அவர் தட்டிய முதல் கதவு எங்களுடையது.

"அப்பா, நீங்கள் கீழை ஏதும் காயப்போட்டனீங்களோ?" என்று மகள் கேட்டாள்.

"நான் என்னத்தைக் காயப்போட? உன்ரை மனிசன்ரை சேட்டுத்தான்."

"கருவாடு மணக்குதாம்."

"மணந்தால் நல்லதுதானே. எங்கையெண்டு சொல்லு, வாங்கிக்கொண்டு வாறன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் அவள் ஒருவரிடமும் ஒரு சொல் கேளாமல் இருந்து பழகியவள்.

நான் கீழே போனேன். கடல்காரனுக்கு மூக்கு பழுதாகாது. சுடுதண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு தட்டையான கூடை. மேலே வெள்ளைத் துணி. அவித்து, பிளந்து, கட்டை போலக் காய்ந்த சூரை மீன். அது கருவாடு இல்லை, மாசி. எங்கள் கடைகளுக்கு மாலைதீவிலிருந்து வருவது போன்றது. ஆனால் இதில் வேறொரு புளிப்பு மணமும் கலந்திருந்தது. அந்த மணத்தை என் வாழ்நாளில் ஓர் இடத்தில்தான் அறிந்திருக்கிறேன். முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால்.

துணியை மூடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். மூன்றாம் மாடியில் இருப்பவள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் லொறி ஓடுகிற ஜெர்மன்காரர். அவளுக்குப் புதன்கிழமை, முதல் நாளே வந்து கூடையை வைத்திருக்கிறாள். சீனத்தி என்று கட்டடத்தில் சிலர் சொல்வார்கள், பிலிப்பைன்காரி என்று சிலர். யாரும் அவளிடம் கேட்டதில்லை, நானும்தான்.

அவளும் நானும் பேசியது உடைந்த டொச்சில். அதை அப்படியே எழுத எனக்கு ஏலாது, எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"இப்ப எடுத்துப்போடுறன். கோவிக்காதேங்கோ," என்றாள்.

எனக்கு எங்கிருந்தோ அந்தச் சொல் வாயில் வந்தது. "இக்கான் காயு," என்றேன். கட்டை மீன் என்று அர்த்தம்.

அவள் கையிலிருந்த உடுப்புக் கூடையை நிலத்தில் வைத்தாள்.

"எங்கை பழகினீங்கள் இதை?"

"சுமாத்திராவிலை."

"சுமாத்திரா பெரிசு."

"மேற்குக் கரை. ஆச்சேப் பக்கம். ஊருக்குப் பின்னாலை மலை, மலையிலை ஒரு பள்ளம், மாட்டின்ரை ரெண்டு கொம்புக்கு நடுவிலை இருக்கிற மாதிரி. ஊருக்குள்ளை ஒரு கிணறு. கப்பல் புகைபோக்கியை வெட்டி வாய்க்கு வைச்சிருந்தினம்."

அவள் காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்தினாள். கணுக்காலுக்கு மேலே ஒரு நீளத் தழும்பு.

"அந்த இரும்பு வெட்டினது. எனக்கு ஆறு வயசு. அது எங்கட அப்பப்பான்ரை கிணறு, பாக்."

பாக் என்றால் அவர்கள் பாஷையில் வயதான ஆணைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல். அன்று தொடங்கி என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். நான் அவளைப் பிள்ளை என்றேன்.

நான் அங்கே போன கதையைச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்தது பினாங்கில் ஒரு சீன முதலாளியின் கப்பலில். கப்பல் என்று சொன்னாலும் பெரிய வள்ளம்தான், ஒன்பது பேர். சுமாத்திராவின் மேற்குக் கரையில் ஊர் ஊராக நின்று கொப்பரை, பாக்கு, சாதிக்காய் ஏற்றுவோம். அந்தக் கரையில் துறைமுகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு கடலில் விழுகிற இடமெல்லாம் ஓர் ஊர். ஊருக்கும் ஊருக்கும் இடையில் தெரு இருந்தது, பாலம் இல்லை. லொறி வந்து ஆற்றங்கரையில் நிற்கும். தெப்பத்தில் ஏற்றி மறு கரையில் விடுவார்கள். மலையில் மழை பெய்தால் தெப்பம் இல்லை. லொறிக்காரன் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்திருப்பான்.

அப்படி ஓர் ஊருக்கு முன்னால் எங்கள் கப்பலின் இரும்புத் தண்டு முறிந்தது. இயந்திரத்திலிருந்து பின்பக்கத்துச் சுழலிக்குப் போகிற தண்டு. புதுத் தண்டு பினாங்கிலிருந்து வர நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதமும் நங்கூரத்தில் கிடந்தோம்.

எழுபது வீடு இருக்கும். கட்டைக்கால்களில் நிற்கிற பலகை வீடுகள். பின்னால் வயல், வயலுக்கு அப்பால் எருமை கிடக்கிற சதுப்பு, அதற்கு அப்பால் மலை. வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போகக்கூடாது. அதைப் பார்க்கிறதற்கென்று கடலுக்கு ஒரு தலைவர் இருந்தார். நான் அது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை கப்பலில் இருந்தபடி தூண்டில் போட்டேன். அவர் தோணியில் வந்து ஒரு சொல்லும் சொல்லாமல் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போனார். ஏழு நாள் கழித்து, அதே போல ஒரு சொல்லும் சொல்லாமல் கொண்டுவந்து தந்தார். அந்த ஏழு நாளும் எனக்கு மீன் தந்தது கிணற்றுக்காரக் கிழவர். இந்தப் பிள்ளையின் அப்பப்பா.

கப்பலுக்குத் தண்ணீர் எடுத்துவருவது என் வேலை. ஊருக்கு முன்னால் கடலுக்குள் முருகைக்கல்லுப் பார், பவளப்பாறை, நீளத்துக்குக் கிடந்தது. அதில் தோணி போகக்கூடிய வாய் ஒன்றே ஒன்று. ஒரு பாகம், இரண்டு கை விரித்த அளவு, தவறினால் கல் தோணியைக் கிழித்துவிடும். முதல் நாள் கிழவர் என்னோடு தோணியில் ஏறி முன் நுனியில், அணியத்தில் நின்றார். பள்ளிவாசல் கூரையின் முனையைக் காட்டினார். மலைப் பள்ளத்தைக் காட்டினார். ஒரு விரலுக்குப் பின்னால் மற்ற விரலை வைத்தார். அவ்வளவுதான் பாடம்.

எனக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. யாழ்ப்பாணத்தில், வடமராட்சிக் கரையில் நாங்களும் அப்படித்தான். கோவில் கோபுரமும் இன்ன பனையும் ஒன்றன்பின் ஒன்றாக நேருக்கு வந்தால் இந்தப் பார், கோபுரம் பனைக்கு வடக்கே விலகினால் அந்தப் பார். கடலில் எழுதி வைக்க ஏலாது, கரையில்தான் எழுதி வைக்கலாம். பள்ளி முனையை மலைப் பள்ளத்தின் நடுவில் வைத்துக்கொண்டு துடுப்பு வலித்தால் கல்லுக்குள் வாய் திறக்கும். அதே நேர்கோட்டில் கரை. தோணியை விட்டு இறங்கி அதே நேரில் நடந்தால் கிணறு. நாலு மாதம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. தண்ணீரில் இரும்பு ருசி இருந்தது. முதல் வாரம் நாக்கில் ஆணி வைத்தது போல இருக்கும், பிறகு தெரியாது.

இரண்டு வருடம் அவளும் நானும் செவ்வாய், புதன் கணக்கில் கீழே சந்தித்துப் பேசினோம். மாசிக் கூடை எங்கள் வீட்டு பல்கனிக்கு மாறியது. மகள் முதலில் முறைத்தாள், பிறகு சம்பலுக்குக் கேட்கத் தொடங்கினாள்.

பிறகு அந்த மார்கழிக் கடல் வந்தது. எங்கள் பக்கத்திலும் வந்தது. என் அண்ணன் வீடு இருந்த இடத்தில் வாசற்படி மாத்திரம் கிடந்ததாகச் சொன்னார்கள். அவளுடைய ஊரில் வாசற்படியும் இல்லை. தாய், தகப்பன், அவர்கள் இருந்த வரிசை முழுவதும் போய்விட்டது. எழுபது வீட்டில் நின்றது பள்ளிவாசல் மட்டும். ஒரு தம்பி உயிரோடு இருந்தான். சின்ன வயதிலேயே மலைக்கு அப்பால் மாமன் வீட்டில் வளர்ந்து, அங்கேயே சாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்து, கலியாணம் முடித்து, போன வருடம்தான் ஊரோடு வந்திருந்தான். அன்று காலை மாமனைப் பார்க்க மனைவி பிள்ளைகளோடு மலைக்குப் போயிருந்தான்.

பங்குனியில் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த புதன்கிழமை நான் கீழே போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதன் முன்னால் நாற்காலியில் இருந்தாள்.

"மணல்தான் பாக். ஒரு மரம் இல்லை. நான் நிண்ட இடம் எங்கட வீடோ பக்கத்து வீடோ எண்டு எனக்கே தெரியேல்லை. பத்தொன்பது வயசுவரை அங்கைதானே இருந்தனான்."

அதற்குப் பிறகு ஒரு வருடம் தம்பி குடும்பம் பலகைக் கொட்டகையில் இருந்தது. கொட்டகையில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பிறகுதான் ஊரில் மிச்சம் இருந்தவர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். எல்லோரும் தங்கள் காணியைக் காட்ட வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் ஓம் என்றால் ஊர் கையெழுத்து வைக்கும். கையெழுத்து இருந்தால் நிவாரணக்காரர் வீடு கட்டித் தருவார்கள். காணியைக் கடல் கொண்டுபோனவர்களுக்கு மேட்டில் வேறு காணி. ஆனால் கடல் கொண்டுபோனது உன்னுடையதுதான் என்று காட்ட வேண்டும். நோன்பு மாதம் முடிவதோடு பட்டியல் மூடப்படும்.

தம்பிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. காணி உறுதிப் பத்திரம் கடலோடு போனது. ஓம் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் உயிரோடு இல்லை. ஊரில் மிஞ்சினவர்கள் பின்வரிசைக்காரர். அந்தக் குடும்பத்துக்கு இரும்பு வாய்க் கிணறு ஒன்று இருந்தது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கிணற்றைக் காட்டு, நாங்கள் கையெழுத்து வைக்கிறோம் என்றார்கள். கிணறு எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

தோய்க்கிற பவுடரை மெஷின் மூடியில் கொட்டினேன். விரலால் இழுத்துக் கல்லைக் கீறினேன், அதில் வாயைத் திறந்தேன், கரையைக் கீறினேன். பின்னால் இரண்டு கொம்பு.

"பள்ளி நிக்குதெண்டனீ?"

"ஓம், நிக்குது."

"மலையும் நிக்கும். பிறகென்ன? தம்பியைத் தோணியிலை போகச் சொல்லு. பள்ளி முனையைப் பள்ளத்துக்கு நடுவிலை எடுக்கச் சொல்லு. அப்பிடியே கரைக்கு வந்து, அந்த நேரிலை பள்ளிவரைக்கும் இரும்புக் கம்பியாலை குத்திப் பார்க்கச் சொல்லு. கிணறு அந்தக் கோட்டிலைதான். வேறை எங்கையும் இல்லை."

அவள் கடதாசி எடுத்து வந்து பார்த்துக் கீறினாள். வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்த தூரம் அவளுக்கு ஓரளவு நினைவு. அதோடும் ஒத்துத்தான் வந்தது. பவுடரை வழித்து மெஷினிலேயே போட்டாள்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை.

"அப்பா, காலமை சாப்பிட்ட குளிசையை மறந்து திருப்பி எடுக்கிற ஆள் நீங்கள். அந்த மனிசிக்கு வீண் நம்பிக்கை குடுக்காதேங்கோ."

"குளிசையிலை கப்பல் உடையாது பிள்ளை. இதிலை உடையும். உடையிறது மறக்காது."

எனக்கு ஒரு சிநேகிதன் உண்டு. என்னைவிட ஆறு வயது இளையவன். வலிகாமம் வடக்குச் செம்மண்காரன்; வெங்காயமும் புகையிலையும் போட்டவன். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்தவன். அவனுடைய காணி அன்றிலிருந்து இராணுவ வேலிக்குள் கிடக்கிறது. டோட்முண்டில் மகனோடு இருக்கிறான். வியாழக்கிழமைகளில் தமிழ்க் கடைக்கென்று ஹம்முக்கு வருவான். நாங்கள் ஸ்ரேசன் மேடையில் ஒரு பலகை வாங்கில் உட்கார்ந்து ரயில் பார்ப்போம். ஹம்மில் இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு ரயில் வந்து, ஒன்றோடு ஒன்றைப் பூட்டி, ஒரே ரயிலாகப் போகும். அது அவனுக்கு ஒவ்வொரு முறையும் புதினம்.

நான் நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணை, கடல்காரருக்குக் காணியைப் பற்றி என்ன தெரியும்? உங்கட ஆக்கள் குடிசை போட்டுக் குந்தினதை எல்லாம் காணி எண்டு சொல்லுறவை. எனக்கு எட்டுப் பரப்பு. அளந்து, கல்லுப் போட்டு, உறுதி முடிச்சது."

"உறுதி எங்கை?"

"அது கிணத்தடியிலை தகரப் பெட்டிக்குள்ளை."

"போய் எடன்."

"நீங்கள் ஒரு மோசமான ஆள் அண்ணை," என்று சொல்லிச் சிரித்தான்.

மூன்று வாரம் கழித்து அவள் கீழே வந்தாள். உடுப்புக் கூடை இல்லை.

தம்பி சொன்னபடி செய்திருக்கிறான். தோணியில் போய் நேர் எடுத்து, கரைக்கு வந்து, கயிறு கட்டி, ஆறு நாள் கம்பியால் குத்தியிருக்கிறான். கோடு பாதி வழியில் ஒரு கைம்பெண்ணின் காணிக்குள்ளால் போயிருக்கிறது. அவள் தன் எல்லையை ஏற்கனவே காட்டி ஓம் வாங்கியவள். செத்தவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு உயிரோடு இருக்கிறவர்களின் காணியைத் தோண்டுகிறான் என்று ஊர் முன்னால் நின்று பேசியிருக்கிறாள். இப்போது பள்ளியில் அவனுக்குப் பக்கத்தில் நிற்கவே ஆட்கள் யோசிக்கிறார்கள். நோன்பு தொடங்க இன்னும் ஒரு கிழமை இருந்தது.

"தம்பி இனிக் கம்பியைத் தொட மாட்டானாம். வெக்கமாம்," என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான் என் மனதில் தோணியை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போனேன். பஸ்ஸில் போகும்போதும், உருளைக்கிழங்கு உரிக்கும்போதும். முனை, பள்ளம், வாய், கரை, கிணறு. எங்கும் பிசகு இல்லை. அப்படியென்றால் தம்பிதான் நேர் எடுக்கத் தெரியாதவன், மலையில் வளர்ந்தவன்தானே, என்று முடிவுகட்டினேன்.

வியாழக்கிழமை சிநேகிதனிடமும் அதையே சொன்னேன்.

"மலை அசையாது. பள்ளியும் அசையாது. அவன்தான் எங்கையோ பிழைவிட்டிருக்கிறான்."

"பள்ளி அசையாதெண்டு ஆர் சொன்னது?"

"கும்பிடுற இடத்தை ஆரடா மாத்துவினம்? எங்கட கோவில் எத்தினை தரம் இடிச்சுக் கட்டினது. கோபுரம் உயர்ந்தது, மண்டபம் நீண்டது. மூலஸ்தானம் நிண்ட இடத்திலைதான் நிக்குது."

அவன் கடைப் பையிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்துத் தண்டவாளத்துக்கு அப்பால் நீட்டினான்.

"இஞ்சத்தை அம்மன் எங்கையிருந்தவ? முதல் ஒரு வீட்டின்ரை கீழறையிலை. நானும் நீங்களும் தலை குனிஞ்சு போய்க் கும்பிட்டம். இப்ப எங்கை? தொழிற்சாலையளுக்கு நடுவிலை, வாய்க்கால் பக்கம். ஆத்தையே இடம் மாறிப்போட்டா, உங்கட பள்ளிக்கென்ன வந்தது?"

பூட்டின ரயில் புறப்பட்டுப் போனது. அன்று அவனை வழியனுப்பக்கூட நிற்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாம் மாடிக்கு அதுவரை நான் ஏறியதில்லை. அவள் புருஷன் கதவைத் திறந்தார். பள்ளிவாசலின் படம் இருக்கிறதா என்று கேட்டேன். சமையலறையில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. சுற்றிவர வெறும் மணல், நடுவில் வெள்ளைப் பள்ளி. மேலே வெங்காயம் போல உருண்ட கூரை.

நான் கண்டது தகரக் கூரை. மூன்று அடுக்கு, ஒன்றுக்கு மேல் ஒன்று சிறுத்து, உச்சியில் செதுக்கின மரமுனை.

"பிள்ளை, இது எப்ப கட்டினது?"

"நான் பிறந்த வருசமாம். அம்மா சொல்லுவா, என்னையும் இடுப்பிலை வைச்சுக்கொண்டு கல்லுச் சுமந்தவவாம்."

"பழையது எங்கை இருந்தது?"

அவளுக்குத் தெரியாது. பழையது என்று ஒன்று இருந்ததை அவள் நினைத்தே பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் முன்வரிசைக் கிழவர்கள், அவர்கள் இல்லை. மேசையில் இருந்தோம். அவள் தேத்தண்ணீர் வைத்தாள். பழைய பள்ளிக்கு முன்னால் என்ன இருந்தது என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு மணல் முற்றம். ஒரு மேளம், மரத்தைக் குடைந்து செய்தது. கால் கழுவ ஒரு சீமெந்துத் தொட்டி. இரண்டு ஆள் நீளம், இடுப்புயரம், ஒரு மூலை உடைந்தது.

"எந்த மூலை?" என்று அவள் கேட்டாள்.

"கடல் பக்கம்."

"அதுக்குள்ளை ஆடு கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை. நாங்கள் அதுக்குள்ளை ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுவம். அது என்னத்துக்குக் கட்டினதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

புருஷன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் அங்கேயே தம்பிக்கு ரெலிபோன் எடுத்தாள். அவன் முதலில் மறுத்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் நெடுநேரம் பேசினாள். சீமெந்துத் தொட்டி தண்ணீரோடு போகாது, மணலுக்குள் கிடக்கும், அது பள்ளிக்கூடம் இருந்த இடம், யாருடைய காணியும் இல்லை, யாரும் பேச மாட்டார்கள் என்று சொன்னாளாம். ரெலிபோனை வைப்பதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லச் சொன்னேன்.

"தொட்டியிலை நிண்டு மலையைப் பார்த்தால், பழைய பள்ளி முனைக்கு நேர் வலக்கைப் பக்கம் பன்னிரண்டடியிலை. அந்த இடத்திலை ஒரு மூங்கிலை நட்டு, உச்சியிலை துணி கட்டச் சொல்லு. அந்த மூங்கில்தான் இனிப் பள்ளி."

நோன்பு தொடங்கிவிட்டது. அவள் பகலில் ஒன்றும் குடிக்காமல் கீழே துணி மடித்துக்கொண்டிருப்பாள். தம்பியிடமிருந்து சேதி ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. தொட்டியைக் கண்டுபிடிக்க எட்டு நாள் போனதாம். தோணி இரவல் கிடைக்க இன்னும் நாலு நாள். கூட வர ஒருவரும் இல்லாததால் மூங்கிலுக்கும் கடலுக்கும் அவன் தனியே ஓடியிருக்கிறான். புதுக் கோடு பழைய கோட்டுக்கு எழுபது அடி வடக்கே விழுந்தது. கைம்பெண்ணின் காணிக்குள் அது போகவே இல்லை. அவள் தன் எல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கரையிலிருந்து மூங்கில்வரை குத்தினான். ஒன்றும் இல்லை. திரும்பவும் குத்தினான். மூன்றாம் நாள் தோணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை இழுத்துக்கொண்டு, கம்பியைக் கையில் ஊன்றியபடி முழங்கால் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். கம்பி இரும்பில் பட்டது. கடல் வற்றித் தண்ணீர் இன்னும் கீழே போக, துருப்பிடித்த விளிம்பு கையளவு வெளியே வந்தது. வட்டமாக.

நான் அதை யோசித்திருக்க வேண்டும். கரை உள்ளே வந்துவிட்டது. நான் தோணியை விட்டு இறங்கி நடந்த மணல் எல்லாம் இப்போது கடல்.

பட்டியல் மூட ஐந்து நாள் இருக்கும்போது ஊர் வந்து பார்த்தது. கடல் தலைவரும் வந்தாராம். என்னுடைய தூண்டிலைச் சுருட்டினவருடைய மகன். முதலில் இறங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தது அந்தக் கைம்பெண். கிணற்றுக்கு ஓம் சொல்ல ஆள் வேண்டும் என்றபோது அவள்தான் சொன்னாள். தம்பியின் பெயர் மேட்டுக் காணிப் பட்டியலில் ஏறியது. பெருநாள் கழிந்து மேட்டில் தூண் நட்டார்கள்.

படம் வந்தது. அவள் அதைச் செவ்வாய்க்கிழமையே கீழே கொண்டுவந்தாள். தண்ணீருக்குள் ஒரு கறுப்பு வளையம், அதில் காலை வைத்துக்கொண்டு ஓர் ஆள். அப்பப்பாவின் சாயல் இருக்கிறதா என்று கேட்டாள். நெற்றி அப்படித்தான் என்றேன். உண்மையில் கிழவரின் முகம் எனக்கு நினைவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டு விரல்தான் நினைவு.

அந்த வியாழக்கிழமை படத்தைச் சிநேகிதனுக்குக் காட்டினேன். கண்ணாடியை உயர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தான்.

"அப்ப இனி அந்தத் தண்ணி உப்பு?"

"உப்புத்தான்."

"உப்புக் கிணத்தைக் காட்டி நல்ல காணி வாங்கிப்போட்டாங்கள். உங்கட ஆக்கள் பொல்லாத ஆக்கள்."

"அவை என்ரை ஆக்கள் இல்லையடா. சுமாத்திரா ஆக்கள்."

"கடல்காரர் எல்லாம் ஒண்டுதான்."

படத்தைத் திருப்பித் தந்தான். ரயில்கள் இரண்டும் வந்து பூட்டத் தொடங்கியிருந்தன. அவன் அதைப் பார்க்கவில்லை.

"அண்ணை, நான் சொன்னால் நீங்கள் நினைவு வைச்சிருப்பியளோ?"

"என்னத்தை?"

"என்ரை கிணறு. தெருவிலை இருந்து வந்தால் முதல் வயிரவர் கோவில். அதிலை நிண்டு கிழக்கை பார்த்தால்..."

"கோவிலைச் சொல்லாதை. இடிச்சிருப்பாங்கள், இல்லாட்டி மாத்தியிருப்பாங்கள். அசையாததாய்ச் சொல்லு."

அவன் யோசித்தான். பனை என்றான், தறித்திருப்பார்கள் என்று அவனே சொன்னான். மதகு என்றான், அதற்கும் தலையை ஆட்டினான். அவனுடைய ரயிலை அறிவித்தார்கள். எழும்பவில்லை. மடியில் முருங்கைக்காய்ப் பையை வைத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கட ஊரிலை மலை இல்லையே அண்ணை," என்றான்.

அடுத்த ரயிலுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் வயிரவர் கோவிலிலிருந்தே தொடங்கினான். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன்.